அளவா, வேகமா? பழைய கணினிக்கு ரேம் வாங்கும் முன்

நாற்பது நிமிடப் பாடவேளை. ஆய்வகத்தில் பத்துக் கணினிகள். முப்பது மாணவர்கள் மூன்று மூன்று பேராக அமர்ந்திருக்கிறார்கள். கணினியை இயக்கி, முகப்புத் திரை வந்து, உலாவி திறந்து, பாடக் காணொலி ஓடத் தொடங்குவதற்குள் பாடவேளையில் கால்வாசி போய்விடுகிறது. முதல் இரண்டு பேர் செய்து முடிக்கும்போது மணி அடித்துவிடும். மூன்றாவது இடத்தில் பெரும்பாலும் யார் இருப்பார் என்பது நமக்குத் தெரியும். வீட்டில் கணினி இல்லாத, சுட்டியைப் பிடிக்கத் தயங்கும் பிள்ளைதான் அந்த இடத்தில் இருப்பார்.

எங்கள் பள்ளியில் பல மாதங்கள் இதுதான் நிலை. ஆய்வகத்தின் ஒரு பகுதியில் இருந்தவை நன்கொடையாக வந்த பழைய மேசைக் கணினிகள். பத்திலும் இரண்டாம் தலைமுறைக் கோர் ஐ3 செயலி, 2 ஜி.பி. ரேம், சுழலும் வன்தட்டு. 'ரேம் மாற்றினால் வேகம் வரும்' என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் முதலில் ஒரு கணினியில் மட்டும் சோதித்துப் பார்க்க நினைத்தேன். அதில் இருந்த 1333 வேக 2 ஜி.பி. ரேமைக் கழற்றிவிட்டு, என் கைப்பணத்தில் 1600 வேக 2 ஜி.பி. ரேம் ஒன்றை வாங்கிப் போட்டேன். அதிக வேக ரேம் போட்டால் கணினியும் அதிக வேகமாகத்தானே ஓடும் என்பது என் கணக்கு.

எதுவும் மாறவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், புதுசு போட்டும் ஏன் டீச்சர் அப்படியே சுத்திக்கிட்டே இருக்கு?"

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பதிலைத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். கணினி ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, தம் பள்ளியில் ஒன்றிரண்டு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு சமாளிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

திருத்தும் மேசையும் பீரோவும்

விடைத்தாள் திருத்தும் வேலையை நினைத்துக்கொள்வோம். நம் முன்னால் ஒரு மேசை. விடைத்தாள் கட்டுகள் அடுத்த கட்டடத்தில் உள்ள பீரோவில் இருக்கின்றன. திருத்த வேண்டிய கட்டு, விடைக்குறிப்பு, மதிப்பெண் பட்டியல் மூன்றும் மேசையில் இருந்தால் வேலை சீராக நடக்கும்.

மேசை சிறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாள் கட்டை வைத்தால் மதிப்பெண் பட்டியலுக்கு இடமில்லை. பட்டியல் வேண்டும்போது கட்டைக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துவிட்டு, பட்டியலை எடுத்து வரவேண்டும். பிறகு மீண்டும் கட்டு. நாள் முழுவதும் நடைதான் மிஞ்சும்.

இதில் மேசையின் பரப்பு ரேமின் அளவு, அதை ஜி.பி.யில் சொல்கிறோம். மேசையில் இருக்கும் தாளை எட்டி எடுக்கும் கையின் சுறுசுறுப்பு ரேமின் வேகம்; 1333, 1600, 2400 என்ற எண்கள் அதைக் குறிக்கின்றன. பீரோ வன்தட்டு. ரேமில் இடம் போதாதபோது இயங்குதளம் சில தரவுகளை வன்தட்டுக்கு அனுப்பி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. வன்தட்டில் இதற்காக ஒதுக்கிய இடத்தை விண்டோஸில் 'பேஜ் ஃபைல்' என்றும், லினக்ஸில் 'ஸ்வாப்' என்றும் சொல்வார்கள்.

நான் செய்த பிழை இப்போது புரியும். மேசையின் பரப்பை மாற்றாமல், கையை மட்டும் சற்றுச் சுறுசுறுப்பாக்கினேன். நடை குறையவே இல்லை.

ஒரு நொடியும் ஒரு நாளும்

அந்த நடை எவ்வளவு தூரம் என்பதை எண்களில் பார்ப்போம்.

ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்கச் செயலிக்கு ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. வன்தட்டின் கதை வேறு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் படிப்புமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். படிப்புமுனை சரியான தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு தேடலுக்கு 10 மில்லி நொடிக்குக் குறையாது.

100 நானோ நொடிக்கும் 10 மில்லி நொடிக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு லட்சம் மடங்கு. மேசையில் உள்ள தாளை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்றால், பீரோவுக்குப் போய்வர ஒரு லட்சம் நொடி, அதாவது ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி நொடி போதும். அதே கணக்கில் அது 1000 நொடி, சுமார் 17 நிமிடம்.

1333 ரேமுக்குப் பதில் 1600 ரேம் போட்டால், ஒரு நொடியில் எடுக்கும் தாளை முக்கால் நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் எடுக்கலாம். அதுவும் எல்லாச் சூழலிலும் இல்லை. 28 மணி நேர நடை ஒன்று வேலையில் இருக்கும்வரை, அந்தக் கால் நொடியால் என்ன ஆகப்போகிறது? ரேம் போதாத கணினியில் அளவுக்கே முதலிடம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

லேபிளில் உள்ள எண்கள்

வேகம் என்பதே பொய்யா என்றால், இல்லை. அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்தால்தான் எப்போது அதற்குப் பணம் கொடுக்கலாம் என்று முடிவெடுக்க முடியும்.

ரேமின் மீது 'டி.டி.ஆர்.3 – 1600' என்று இருந்தால், நொடிக்கு 1600 மில்லியன் முறை தரவு கைமாறும் என்று பொருள். டி.டி.ஆர். வகையில் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவு கைமாறுவதால், உண்மையான கடிகார வேகம் 800 மெகா ஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு முறையும் 64 பிட், அதாவது 8 பைட் தரவு செல்கிறது. எனவே 1600 × 8 = 12,800. நொடிக்கு 12,800 மெகா பைட். சில ரேம்களின் லேபிளில் 'பி.சி.3 – 12800' என்று இருப்பது இதுதான். 1333 ரேமில் இது 10,600 என்று அச்சாகியிருக்கும். கடையில் இந்த இரண்டு வகை எண்களைக் கண்டு குழம்ப வேண்டாம். ஒன்றை எட்டால் பெருக்கினால் மற்றொன்று கிடைக்கும்.

இன்னொரு எண் 'சி.எல்.' என்பது. கேட்ட தரவைக் கொடுக்கத் தொடங்கும் முன் ரேம் எத்தனை கடிகாரத் துடிப்புகள் காத்திருக்க வைக்கும் என்பதை அது சொல்கிறது. காத்திருப்பை நானோ நொடியில் காண எளிய வாய்பாடு உண்டு: சி.எல். எண்ணை 2000ஆல் பெருக்கி, ரேமின் வேக எண்ணால் வகுக்க வேண்டும்.

1333 வேகம், சி.எல். 9 என்றால்: 9 × 2000 ÷ 1333 = 13.5 நானோ நொடி.
1600 வேகம், சி.எல். 11 என்றால்: 11 × 2000 ÷ 1600 = 13.75 நானோ நொடி.

வேக எண் கூடியிருக்கிறது; காத்திருப்போ குறையவில்லை, இம்மியளவு கூடவே செய்திருக்கிறது. ஒரே நேரத்தில் நிறையத் தரவை வரிசையாக அள்ளும் வேலையில்தான் 1600க்குப் பலன் உண்டு. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு தரவுகளைக் கேட்கும் வேலையில் இரண்டும் ஒன்றே. மேலும், செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் பெரும்பாலான கோரிக்கைகளை ரேம்வரை போகவிடாமல் தானே கவனித்துக்கொள்கிறது. அதனால் ஆவணம் தட்டச்சிடுதல், இணையத்தில் தேடுதல், காணொலி பார்த்தல் போன்ற பள்ளி வேலைகளில் 1333க்கும் 1600க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இருக்காது.

என் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் வாங்கிய 1600 ரேம் எங்கள் கணினியில் 1333 வேகத்தில்தான் ஓடியது. இரண்டாம் தலைமுறைக் கோர் ஐ3 செயலி ஏற்கும் உச்ச வேகம் 1333. அடுத்த தலைமுறையிலிருந்துதான் 1600 ஏற்கப்படுகிறது. ரேம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், செயலியும் மதர்போர்டும் அனுமதிக்கும் வேகத்தில்தான் ஓடும். வேறுவேறு வேகமுள்ள இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டாலும், இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும்.

இரண்டையும் ஒருசேரப் பெறும் வழி

அளவையும் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டும் வாய்ப்பு ஒன்று பல பழைய கணினிகளில் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது. அதற்கு 'இரட்டைத் தடம்' என்று பெயர். கடைக்காரர்கள் 'டூயல் சேனல்' என்பார்கள். மதர்போர்டில் இரண்டு ஸ்லாட்டுகளிலும் ரேம் இருந்தால், செயலி இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு எடுக்கும். 1333 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 10,600 மெகா பைட். அதே வகை ரேம் இரண்டு இருந்தால் அதன் இரு மடங்கு. ஒற்றை 4 ஜி.பி. ரேமைவிட இரண்டு 2 ஜி.பி. ரேம்கள் இந்த வகையில் மேல். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்காட்சிக்கும் ரேமிலிருந்தே இடம் எடுக்கப்படுவதால், இந்தப் பலன் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

இரண்டு ரேம்களும் ஒரே அளவாக இல்லாவிட்டால்? இன்டெல் செயலியுள்ள பல கணினிகளில் 2 ஜி.பி.யும் 4 ஜி.பி.யும் சேர்த்துப் போட்டால், இரண்டு பக்கத்திலிருந்தும் 2 ஜி.பி. வீதம் 4 ஜி.பி. இரட்டைத் தடத்தில் ஓடும். மீதி 2 ஜி.பி. ஒற்றைத் தடத்தில் ஓடும். எனவே பழைய 2 ஜி.பி. ரேமைக் கழற்றி வீசாமல், காலியாக உள்ள ஸ்லாட்டில் 4 ஜி.பி. ரேம் ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 6 ஜி.பி. கிடைக்கும்; வேகமும் பெருமளவு கிடைக்கும். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டுகளில் எந்த இரண்டு ஸ்லாட்டுகள் ஜோடி என்பதைப் பெரும்பாலும் நிறத்தால் காட்டியிருப்பார்கள்.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

காய்ச்சல் என்றதும் மாத்திரை வாங்காமல் வெப்பமானி வைத்துப் பார்ப்பதுபோல, கணினியிலும் முதலில் அளக்க வேண்டும். வழக்கமாக மாணவர்கள் செய்யும் வேலைகளை எல்லாம் திறந்து வையுங்கள்: உலாவியில் நான்கைந்து பக்கங்கள், ஓர் ஆவணம், ஒரு காணொலி. பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10இல் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி' என்பதைச் சொடுக்குங்கள். அங்கே மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 'இன் யூஸ்', 'அவைலபிள்' என்ற எண்கள். பயன்பாட்டில் உள்ளது மொத்த அளவை நெருங்கியிருந்து, மீதி மிகச் சொற்பமாக இருந்தால் மேசை நிரம்பிவிட்டது.

இரண்டாவது, 'கமிட்டட்' என்ற எண். திறந்திருக்கும் நிரல்களுக்கு மொத்தமாக ஒதுக்கப்பட்ட நினைவகம் அது. இது ரேமின் அளவைவிட வெகுவாக அதிகமாக இருந்தால், கணினி வன்தட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, அதே திரையில் 'ஸ்பீடு', 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரிகள். ரேம் இப்போது ஓடும் வேகமும், எத்தனை ஸ்லாட்டுகள் நிரம்பியுள்ளன என்பதும் பெட்டியைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

பக்கத்தில் உள்ள 'டிஸ்க்' பகுதியையும் பாருங்கள். ரேம் நிரம்பியும் வன்தட்டு 100 விழுக்காட்டிலேயே நின்றுகொண்டும் இருந்தால், அளவைக் கூட்டுங்கள். ரேமில் தாராளமாக இடம் இருந்தும் வன்தட்டு 100 விழுக்காட்டில் நின்றால், உங்களுக்கு வேண்டியது ரேம் அல்ல. சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இரண்டும் இயல்பாக இருந்து செயலி மட்டும் 100 விழுக்காட்டில் இருந்தால், ரேமுக்குச் செலவிடும் பணம் வீண்.

மேசை போதுமான அளவு பெரிதான பிறகு, அதை மேலும் பெரிதாக்குவதில் பயனில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2 ஜி.பி.யிலிருந்து 4 ஜி.பி.க்குப் போகும்போது மாற்றம் நன்றாகத் தெரியும். உலாவியையும் காணொலியையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஆய்வகத்தில் 4 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி.க்குப் போவதும் பயன்தரும். அதற்கு மேல் 16 ஜி.பி. என்பது பள்ளி வேலைகளுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. அந்தப் பணத்தில் எஸ்.எஸ்.டி. வாங்கலாம்.

ஏற்குமா என்று பாருங்கள்

எவ்வளவு வேண்டும் என்று முடிவானதும், கணினி அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். இதில் நான்கு தடைகள் உண்டு.

வகை: டி.டி.ஆர்.2, 3, 4, 5 ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாகாது. டி.டி.ஆர்.2, 3 இரண்டிலும் 240 முனைகளும், 4, 5 இரண்டிலும் 288 முனைகளும் உள்ளன. ஆனாலும் நடுவில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டி.டி.ஆர்.2க்கு 1.8 வோல்ட், டி.டி.ஆர்.3க்கு 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4க்கு 1.2 வோல்ட். பொருந்தாததை அழுத்தித் திணித்தால் ஸ்லாட் உடையும். திரையும் கணினியும் ஒன்றாக உள்ள மாதிரிகளில் மடிக்கணினிக்கான சிறிய ரேம்தான் பெரும்பாலும் இருக்கும்.

மதர்போர்டின் உச்ச வரம்பு: இன்டெல் ஜி41 சிப்செட் உள்ளவை 8 ஜி.பி. வரையும், எச்61 உள்ளவை 16 ஜி.பி. வரையும் ஏற்கும். மதர்போர்டின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். ஜி41 போன்ற மிகப் பழைய மதர்போர்டுகள் சில, 4 ஜி.பி. ரேமில் இரு பக்கமும் சேர்த்து 16 சில்லுகள் உள்ளதை ஏற்றுக்கொண்டு, 8 சில்லுகள் மட்டும் உள்ளதை ஏற்க மறுக்கும். எனவே 'ஓடாவிட்டால் மாற்றித் தருகிறோம்' என்ற உறுதியைக் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்வது நல்லது.

இயங்குதளம்: 32 பிட் இயங்குதளம் எண்ணக்கூடிய முகவரிகள் 2இன் அடுக்கு 32, அதாவது 4,29,49,67,296. பைட் கணக்கில் இது சரியாக 4 ஜி.பி. அதிலும் ஒரு பகுதி மற்ற உறுப்புகளின் முகவரிகளுக்குப் போய்விடும். 6 ஜி.பி. ரேம் போட்டாலும் 32 பிட் விண்டோஸில் பயன்பாட்டுக்குக் கிடைப்பது 3 ஜி.பி. சொச்சம்தான். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு கணினிகள் இப்படித்தான் ஏமாற்றின. 64 பிட் இயங்குதளத்தை நிறுவிய பிறகே முழு அளவும் கிடைத்தது.

பயன்படுத்தப்பட்ட ரேம்: சென்னை ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைகளில் பழைய டி.டி.ஆர்.3 ரேம்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் சர்வர்களிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' வகை ரேம்களும் அங்கே கலந்திருக்கும். விலை குறைவாகவும் அளவு அதிகமாகவும் இருக்கும் அவை நம் மேசைக் கணினிகளில் ஓடாது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் செயலியும் பாதுகாப்புச் சில்லும் இவ்வளவு பழைய கணினிகளில் இல்லை. எனவே நெடுநாள் பயன்பாட்டை நினைப்பவர்கள் லினக்ஸையும் கருதலாம். சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளை ஆதரிப்பது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புத் திரையைத் தேர்ந்தெடுத்தால் ரேமின் தேவையும் குறையும். ஒரு பைசா செலவில்லாமல் மேசையில் இடம் கிடைக்கும் வழி அது.

பொருத்தும்போது

அரசு வழங்கிய கணினி என்றாலோ, உத்தரவாதமோ ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமோ நடப்பில் இருந்தாலோ, தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பெட்டியைத் திறக்க வேண்டாம். சேர்த்த பொருளையும் கழற்றிய பொருளையும் இருப்புப் பதிவேட்டில் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னையும் போக்கிக்கொள்ளுங்கள். ரேமை ஓரங்களில் பிடியுங்கள். பொன்னிற முனைகளில் விரல் படவேண்டாம். வெட்டு நேராக வருவதைப் பார்த்து, இரு முனைகளிலும் சமமாக அழுத்தினால் கொக்கி தானாக மூடிக்கொள்ளும். இயக்கியதும் திரை வராமல் பீப் ஒலி தொடர்ந்தால், பெரும்பாலும் ரேம் சரியாக அமரவில்லை என்று பொருள். கழற்றி, முனைகளை அழிரப்பரால் மெல்லத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மீண்டும் பொருத்துங்கள். பிறகு விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையை ஒருமுறை ஓடவிடுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

முன்னாள் மாணவர்கள் ஒரு தொகையைத் திரட்டித் தந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. உலோக உறை போட்ட அதிவேக 8 ஜி.பி. ரேம் என்றால் நான்கு கணினிகளுக்குத்தான் பணம் போதும். பயன்படுத்தப்பட்ட சாதாரண 1333 வேக 4 ஜி.பி. ரேம் என்றால் பத்துக் கணினிகளுக்கும் போதும். நான்கு கணினிகள் பறந்து, ஆறு கணினிகள் தவழ்ந்தால் வகுப்பு நடக்காது. பத்துக்கும் 4 ஜி.பி. ரேமைச் சேர்த்து, 6 ஜி.பி. ஆக்கினோம். கைமாற்றிப் பார்த்ததில் இன்னொரு பாடமும் கிடைத்தது: கணினி தொடங்க எடுக்கும் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை; தொடங்கிய பிறகு இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்யும்போதுதான் மாற்றம் தெரிந்தது. தொடங்கும்போது எல்லாத் தரவும் எப்படியும் வன்தட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்; அங்கே ரேமால் செய்யக்கூடியது குறைவு. எனவே அடுத்த ஆண்டுக்கான எங்கள் கோரிக்கைப் பட்டியலில் எஸ்.எஸ்.டி. முதலிடத்தில் இருக்கிறது.

இந்தப் பணியை மாணவர்களிடமிருந்து மறைத்துச் செய்யாதீர்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் கணினி திறக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துப் பட்டியலிடலாம். எட்டாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது 2இன் அடுக்கு 32ஐக் கணக்கிடச் சொல்லலாம். சி.எல். வாய்பாட்டை விகிதக் கணக்காகத் தரலாம். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள், முதன்மை நினைவகம், துணை நினைவகம் என்று பாடத்தில் படிப்பதை டாஸ்க் மேனேஜரில் கண்ணால் பார்க்கலாம். ரேம் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை வைத்து ஒரு பட்டை வரைபடம் வரைந்தால், அது ஆய்வகச் சுவருக்கும் நன்கொடையாளர்களுக்கும் பொருத்தமான கணக்கு.

கேள்வி கேட்ட மாணவனைத்தான் முதல் கணினியின் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நிறுத்தினேன். அவனிடம் மேசையையும் பீரோவையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ போன தடவ நாம கைய மட்டும் மாத்தினோமா டீச்சர்?" என்றான். "நாம இல்லப்பா, நான்" என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்லாட்டின் கொக்கியை அவனே விலக்கினான்.

அந்த 1600 ரேம் வீணாகவில்லை. மேசை மேல் ஒரு டப்பாவில் இருக்கிறது. ரேம் பாடம் நடத்தும் நாளில் வகுப்பு முழுவதும் கைகைகளாகச் சுற்றி வருகிறது. மூன்றாவது இடத்தில் அமரும் பிள்ளைதான் இப்போது அதை முதலில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தின் விதி.